கயிறு பிடித்தவர்

வள்ளியம்மை ஜோதிலிங்கத்தின் விரலிடுக்குகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தில் பேச்சு போனவருக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. அதை ஏற்கெனவே பிடுங்கியிருந்தார். இன்னொரு தடவை பிடுங்கினால் கையைக் கட்டிலோடு கட்டிவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். மயூர் விஹாரில் பல வீடுகளில் நோயாளிகளைப் பார்த்தவள் வள்ளியம்மை. கட்டிப்போட்ட மனிதர் சீக்கிரம் ஒடுங்கிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"குழாய்னு நினைச்சா இழுக்காரு? கயிறுன்னு நினைக்காரு" என்று பழைய கதையைச் சொன்னாள் அவர் மனைவி சாவித்திரி.

பாய்மரப் போர்க்கப்பல்களைக் கட்டிவைக்க அந்தக் காலத்தில் கடலடியில் இறக்கிய கற்களையும் சங்கிலிகளையும் தேடி அளந்த குழு அவருடையது. படகில் உட்கார்ந்து, டைவரின் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பது அவர் வேலை. கலங்கல் நீரில் கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு, 'நல்லா இருக்கியா?' பதிலுக்கு ஒன்று, 'நல்லா இருக்கேன்.' நான்கு இழுத்தால், 'மேலே வா.'

ஒருநாள் டைவர் ரமேஷ்குமார் இறங்கினார். கேட்டபோதெல்லாம் பதில் வந்தது. நான்கு இழுத்தபோதும் ஒன்றே வந்தது. வேறொருவர் இறங்கிப் பார்த்தபோது கயிற்று முனை பழைய இரும்பு வளையத்தில் சிக்கிக் கிடந்தது. ரமேஷ்குமார் கிடைக்கவேயில்லை.

வள்ளியம்மை ஒரு கொடிக்கயிற்றை அவர் கையில் கொடுத்து, மறுமுனையை பால்கனி கிரில்லில் கட்டினாள். அவர் குழாயை மறந்தார். சாயங்காலம் அவர் கை தளர்ந்து கிடந்தபோது, கயிறு விறைத்தது. கிரில் பக்கமிருந்து ஒரேயொரு இழுப்பு. காற்றில்லை. கீழே எட்டிப் பார்த்தாள், யாருமில்லை. கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

உடனே அவர் இழுத்தார், நான்கு. ஆறுதலாக இருக்கட்டும் என்று இவள் ஒருமுறை இழுத்தாள். அவர் முகம் கோணியது. கயிற்றை உதறிவிட்டுக் கை குழாய்க்குப் பாய்ந்தது. பிடுங்கிவிட்டார்.

நர்ஸ் வந்து வேறு குழாய் போட்டாள். கையைக் கட்டினார்கள்.

"நல்லா இருக்கேன்னா போதாது, வள்ளியம்மை" என்றாள் சாவித்திரி. "அன்னைக்கும் கயிறு அதைத்தானே சொல்லிச்சு."

மறுநாள் காலை வள்ளியம்மை குளித்த ஈரத்தலையோடு வந்து அவர் கைக்கட்டை அவிழ்த்தாள். கயிற்றின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு பால்கனி வாசலில் நின்றாள். நான்கு இழுப்பு வந்தது. அவர் இழுக்க இழுக்க, மெதுவாக நடந்து கட்டிலுக்கு வந்து குனிந்தாள். அவர் விரல்கள் ஈரக்கூந்தலைத் தடவிப் பார்த்தன. பிறகு கயிற்றை விட்டன.

வள்ளியம்மை கஞ்சியை வடிகட்டிக் குழாயில் விட்டாள். அவர் கையைக் கட்டியிருந்த துணியைத் துவைத்து பால்கனியில் உலர்த்தினாள், கிரில்லைத் தொடாமல்.