கைப்பிடி உடைந்த பச்சை மக்

கைப்பிடி உடைந்த பச்சை பிளாஸ்டிக் மக். அடியில் உள்ளங்கை கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் மேஸ்திரியும் நானும் கல் ஏற்றிய காலத்தில், அவர் வீட்டு வாசலில் அந்த மக்கால்தான் அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகத் திரிந்த நான் அதிக நாள் தங்கியது அங்கேதான். பெரிய கல்லை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். ஜோடி இல்லாதவனுக்கு லாரியில் வேலை கிடையாது. என் ஜோடி மேஸ்திரி. ஃப்ளூ காய்ச்சலில் அவர் படுத்த ஒரு வாரமும் நான் சும்மா கிடந்தேன். காய்ச்சல் விட்டவனுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது என்பது எங்கள் வழக்கம். அதன் பிறகு முடியவில்லை என்று சொல்ல அவனுக்கே கூச்சமாக இருக்கும்.

காய்ச்சல் விட்டது. இருமல் விடவில்லை. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. பெரம்பலூருக்கு ஒரு சாவுக்குக் கிளம்பிய அவர் மனைவி, "சனிக்கெழம வந்து நானே ஊத்துறேன், அதுவரைக்கும் பாத்துக்கங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வியாழக்கிழமையே வெந்நீர் போட்டேன்.

"எந்திரிச்சா கண்ணு இருட்டுதுடா" என்றார் மேஸ்திரி.

"கஞ்சியே குடிச்சா இருட்டத்தான் செய்யும். வாங்க மேஸ்திரி, நாளைக்கு லோடு இருக்கு."

"கட்டுனவகூட இப்படி அவசரப்படுத்தலடா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி வரை தூக்கினார். பிறகு கல்லின் தன் பக்கத்தை மெதுவாக இறக்கிவிட்டு உட்கார்ந்தார். உடம்பு மறுபடி கொதித்தது. துப்பிய சளி துரு நிறத்தில் இருந்தது. நிமோனியா என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "காய்ச்சல் விட்டா எல்லாம் போச்சுன்னு நெனச்சீங்களா? மூச்சு வாங்குனப்பவே கூட்டியாந்திருக்கணும்." திங்கட்கிழமை மேஸ்திரி இறந்துபோனார்.

அவர் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் வர்றதுக்குள்ள ஏன் தம்பி ஊத்துனீங்க?"

"அவருதாங்க்கா ஊத்தச் சொன்னாரு."

"எப்ப நான் சொன்னதக் கேட்டிருக்காரு" என்று இறந்தவரையே நொந்துகொண்டார்.

உடலைக் குளிப்பாட்டும்போது யாரோ அதே மக்கை என்னிடம் நீட்டினார்கள். ஊற்றினேன். அந்த வாரமே ஊரை விட்டேன்.

போன மாதம் எனக்கும் காய்ச்சல் வந்து போனது. தங்கியிருந்த லாட்ஜில் கைப்பிடியுள்ள நல்ல மக். மொண்டு தலைக்கு மேல் தூக்கியவன், தோளுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த அக்கா இன்னமும் அவர்மேல்தான் கோபமாக இருப்பார்.