மூலத்தில் பிறந்த பகவதி ரீச்சர்

பகவதி ரீச்சரைப் பற்றி வெள்ளவத்தையில் ஒரு பேச்சு உண்டு: வாயால் கெட்டவள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஹெவ்லொக் டவுன் பாடசாலையில் அவளோடு பதினொரு வருடம் படிப்பித்தவள் நான். நடந்ததைக் கண்ணால் கண்டவளும் நான்தான்.

1946இல் தமிழ்ப் பாடசாலைகளுக்கென்று ஒரு சொற்கையேடு தயாரித்தோம். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அந்தச் சொல் ஒவ்வொரு துறையிலும் என்ன பொருள் தரும் என்று அதில் எழுத வேண்டும். சனிக்கிழமைகளில் எங்கள் குழுத் தலைவர் பூபாலசிங்கத்தாரின் வீட்டில் கூடுவோம். அவர் விஞ்ஞானம் படிப்பித்து இளைப்பாறியவர். பகவதியின் வேலையைப் பார்த்து, தன் மகன் நாகேந்திரத்துக்கு அவளைக் கேட்டார். சாதகம் பொருந்தியது; தையில் கலியாணம் என்று முடிவாயிற்று. அவளுக்கு முப்பத்தொரு வயது. நாகேந்திரத்தை மிகவும் பிடித்திருந்தது. அந்த நாட்களில் வகுப்பில்கூடப் பாடிக்கொண்டு திரிந்தாள்.

ஒரு சனிக்கிழமை 'மூலம்' அட்டை அவள் பங்குக்கு வந்தது. இலக்கியத்தில் உரைக்கு முந்திய நூல், கணக்கில் வர்க்கமூலம், வைத்தியத்தில் ஆசனவாய் நோய். சோதிடத்துக்கு 'பத்தொன்பதாவது நட்சத்திரம்' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"இது காணாது பிள்ளை" என்றார் பூபாலசிங்கத்தார். "'இதில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது' எண்டும் சேர்த்து எழுதும்."

"அது பொருள் இல்லை, மாமா. சனத்தின்ர கதை."

"பிள்ளையள் தெரிஞ்சிருக்க வேணும். எழுதும்."

விஞ்ஞானம் படித்த மனிதர்! எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் தையில் தாலி. பகவதி பேனையை மூடினாள்.

"நான் மூலம்தான், மாமா. உங்களிட்டத் தந்த சாதகத்தில பூராடம் எண்டு கிடக்கு. சாத்திரியாரைக் கொண்டு பிறந்த நேரத்தை மாத்தி அப்பா எழுதுவிச்சவர். சொல்லாதது என்ர பிழை. ஆனா இந்த வரியை என்ர கையால எழுதமாட்டன்."

பெண்ணைப் பெற்ற எத்தனையோ பேர் செய்கிற வேலைதான் அது. பூபாலசிங்கத்தாரோ நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார், சத்தியமாக. நாகேந்திரம் கதவடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டான். தகப்பனைக்கூட மன்னிப்பேன், அவனை மன்னிக்கமாட்டேன்.

தைக் கலியாணம் நின்றுபோனது. அடுத்த ஆவணியில் கையேடு அச்சாகி வந்தது. வரி இருந்தது, பகவதியின் பெயர் இல்லை. அதே கிழமை நாகேந்திரத்தின் கலியாணக் கார்ட் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தது, அவளைத் தவிர எல்லோருக்கும். அவள் எழுந்து வகுப்புக்குப் போனாள். பக்கத்து வகுப்பிலிருந்த எனக்கு அவள் குரல் கேட்டது.

"நாற்பத்திரண்டாம் பக்கம். சோதிடம் எண்டதில கடைசி வரி. மை தொட்டு வடிவா வெட்டுங்கோ."

"அச்சுப் பிழையோ ரீச்சர்?"

"இல்லை. தெரிஞ்சு விட்ட பிழை."