மச்சினனை நிறுத்திவைக்க ஒரு மெஷின்

வடகரப்பதியில் இருக்கும் எங்கள் கதவுப் பட்டறைக்குப் மரம் செதுக்கும் பெரிய சி.என்.சி. ரூட்டர் மெஷின் வாங்க நான் கிளம்பியதற்குக் காரணம் என் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. கம்ப்யூட்டரில் படம் வரைந்து, அதை மெஷினால் மரத்தில் செதுக்குவதில் கெட்டிக்காரன். கத்தாரில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இங்கேயே நல்ல மெஷின் இருந்தால் அவன் எதற்குப் போகிறான்? இப்படி ஒரு கணக்கு எனக்கு. என் மனைவியும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூர் கடையில் எட்டுக்கு நாலடி மெஷினை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளுக்கு நிலைக்கால் எட்டடியைத் தாண்டும். மச்சினன் பத்துக்கு அஞ்சு மெஷினிடம் போய் நின்றான்.

"பாதியில கரண்டு போனா, உட்ட எடத்துல இருந்தே வெட்டுமுங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டான். வெட்டும் என்றார். எனக்கு ஏக சந்தோஷம்.

அந்த மெஷினோடு ஒத்துப்போகும் சாஃப்ட்வேர் இரண்டு இருந்தன. ஒன்றில் போட்டோவைக் கொடுத்தால் மயிலைப் புடைப்பாகச் செதுக்கலாம். இன்னொன்று வெறும் கதவு, பலகைக்கானது, நாலைந்து பட்டன்தான். முதலாவதைப் பார்த்ததும் இவன் விடமாட்டான் என்று நினைத்தேன். அவனோ இரண்டாவதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க மச்சான். ஒரு கதவு போடுங்க."

"நான் எதுக்குடா? ஓட்டப்போறது நீயி."

"சும்மா போடுங்க."

நான் போட்ட கோடு கதவை விட்டு வெளியே ஓடியது. கடைக்காரர் சிரித்தார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சினன் சிரிக்கவில்லை. எனக்குச் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொன்னான். பிறகு கடைக்காரரிடம், "வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் இந்தத் திரையப் பாத்துத் திருத்த முடியுங்களா?" என்றான்.

"நெட் இருந்தாப் போதும் சார்."

"அப்ப இதையே எடுத்துக்கறோமுங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவனை வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

"போறதுன்னு முடிவே பண்ணிட்டயா?"

"விசா வந்துருச்சுங்க. அக்காகிட்டச் சொல்லத்தான் தைரியமில்ல."

"அப்புறம் எனக்கு என்ன கருமத்துக்குடா மெஷினு?"

"நான் போயிட்டா பட்டறை நிக்கக் கூடாதுங்க மச்சான்."

கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். ஆனாலும் உள்ளே போய் மெஷினை வாங்கினோம், அவன் சொன்ன சாஃப்ட்வேரோடு.

அவன் போன பிறகு முதல் வேலையாக ஒரு தேக்குக் கதவு வந்தது. எல்லாம் போட்டுவிட்டேன், ஆனால் வெட்டும் ஆழத்தில் சந்தேகம். அவனைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மவுஸ்ல இருந்து கைய எடுங்க மச்சான்," என்றான்.

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து போய், நான் போட்டிருந்த எண்ணைத் திருத்தியது. மோர் கொண்டுவந்த என் மனைவி பின்னால் நின்று பார்த்தாள்.

"தம்பிங்களா இது?"

"அவன்தான்."

செம்பை வைத்துவிட்டுத் திரையின் அருகே குனிந்தாள்.

"சாப்டயா சாமி?" என்று அந்த அம்புக்குறியிடம் கேட்டாள்.

அது நகராமல் அங்கேயே நின்றுவிட்டது.