சிவப்புத் துணி பறந்தால் நாடகம்

தகரத்தை லாரியிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டால் என் கை தானாக எதையாவது மூடப் பார்க்கிறது. போன வாரம் எதிர்வீட்டில் கூரை போட வந்தவர்கள் ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளினார்கள். முதலில் ஒரு குமுறல், அதன் வாலாக ஒரு நடுக்கம். எழுதிக்கொண்டிருந்தவன் மாடிக்கு ஓடி, கொடியில் கிடந்த துணியெல்லாம் வாரிக்கொண்டு இறங்கிவிட்டேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மரக்காணத்து உப்பளம் என் உடம்பில் விட்டுவிட்டுப் போன பழக்கம் அது.

அப்போது கீழ்புத்துப்பட்டில் அறை எடுத்திருந்தேன். புதுச்சேரி அச்சகம் ஒன்றுக்குப் பிழை திருத்துவது பிழைப்பு. ஓர் ஊரில் தரிக்காத கால் எனக்கு. பெட்டியைப் பிரித்து முழுதாக அடுக்குவதற்குள் அடுத்த ஊர் கூப்பிட்டுவிடும். எழுத்து வற்றிப் போயிருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார், தானாக வரும் என்று நண்பர்கள் சொன்னார்கள். உட்கார்ந்தேன். கண் கூசிற்று, மணல் சுட்டது, ஒரு வரி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் மரக்காணம் வரை பஸ்ஸில் போய், சும்மா உப்பளத்து வரப்பில் நடந்தேன். இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக வெயில் தேங்கிக் கிடந்தது. தூரத்தில் ஒரு பழைய ஷெட். முன்பு உப்பு மூட்டை பிடித்த இடம். உள்ளே சண்டை நடப்பதுபோல் இருந்தது.

"எனக்கு மட்டும் ஏன் பாய் ரெண்டே வரி? நான் இன்னா ஊமையா?"

எட்டிப் பார்த்தேன். உப்பளத்தில் வேலை செய்கிற ஆண்களும் பெண்களும் ஒரு கும்பலாக நின்றார்கள். நடுவில் கத்திக்கொண்டிருந்த பெண்மணி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லத் திணறிய ஒல்லியான மனிதர் கூனிமேட்டு டெய்லர். கழுத்தில் அளவு டேப்பு, கையில் கத்திரி. வேஷம் தைப்பது, பின்னணிச் சத்தம் கொடுப்பது, எல்லோரிடமும் திட்டு வாங்குவது மூன்றும் அவர் பொறுப்பு. வாராவாரம் ஞாயிறு மத்தியானம் கூடிப் பாடிக்கொண்டிருந்தவர்கள், ஊர்த் திருவிழாவுக்கு முதல்முறையாக ஒரு நாடகம் போட இறங்கியிருந்தார்கள்.

"சார் யாரு? கரண்ட் ஆபீஸா?" என்றார் டெய்லர் என்னைப் பார்த்து.

"இல்லைங்க. சும்மா எழுதறவன்."

"எழுதறவரா! வாங்க வாங்க, அல்லாவாப் பார்த்து அனுப்பியிருக்கான். இந்தத் தங்கச்சிக்கு வரி பத்தலையாம். கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க."

பெண்மணி சிரிக்கவில்லை. "அளத்துல நாள் பூரா வாயை மூடிக்கினே உப்பு வாரறேன் சார். தெறந்தா உப்புக் காத்து உள்ள பூந்துடும். இங்கயாவது பேசறேனே."

ஒரு சிமெண்ட் பையின் காகிதத்தைக் கிழித்து, அதன்மேல் எழுதிக் கொடுத்தேன். எத்தனையோ மாதமாக என்னோடு பேசாமல் இருந்த மொழி, அந்தப் புழுங்கும் தகரக் கூரைக்குக் கீழே, ஒருத்தி வாய்விட்டுச் சொல்லப்போகிறாள் என்று தெரிந்ததும் வந்தது. படித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நீட்டுங்க" என்றார். நீட்டினேன். அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறுகளில் பஸ் மரக்காணத்தை நெருங்கும்போதே உதடு முணுமுணுக்கத் தொடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார். பெரிய ஊர்களில் விழா மேடைகள் பார்த்திருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஓர் உப்பளத்துக் கும்பல் என்னிடமிருந்து வரி கேட்டுப் பிடுங்கிய அவசரம் எங்கும் கிடைத்ததில்லை.

நாடகத்தின் கதை அவர்களுடையது. உப்புக் காலத்தின் நடுவில் கோடை மழை இடித்துக்கொண்டு வருகிறது. ஒரு குடும்பம் தன் அம்பாரத்தைக் காப்பாற்ற ஓடுகிறது. அம்பாரம் என்றால் வாரிக் குவித்த உப்பு மலை. இடிக்காக டெய்லர் ஒரு பெரிய தகரத்தை உத்தரத்தில் தொங்கவிட்டு ஆட்டினார். முதல்தரம் ஆட்டிய அன்று உப்பளம் முழுக்க உப்பு வாரும் பலகைகள் கீழே விழுந்தன. எங்கெங்கோ இருந்தவர்கள் தார்ப்பாயும் கீற்றுமாக ஓடி அம்பாரங்களை மூடிவிட்டு, பிறகு அண்ணாந்து பார்த்தால் வெயில்!

முதலில் மூச்சிரைக்க ஷெட்டுக்கு வந்து நின்றவர் அந்தப் பெண்மணியின் புருஷன். இருவரும் சேர்ந்துதான் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள்.

"எவன்டா தகரத்தை ஆட்டினது?"

டெய்லர் தகரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கால் இரண்டும் வெளியே தெரிந்தன. புருஷனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு சட்டமும் போட்டார்.

"ஷெட்டு மேல செகப்புத் துணி பறந்தா நாடகம். துணி இல்லன்னா மழை. இன்னா பாய், வெளங்குதா?" பிறகு பொண்டாட்டி பக்கம் திரும்பினார். "ஏம்மே, நீ நடி, வேணாங்கல. ஆனா இதால நம்ம அம்பாரத்துக்கு எதுனா ஆச்சுன்னா, அன்னியோட சரி."

பெண்மணி தலையாட்டினார். புருஷன் போன பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார்: "அவரு சொன்னா சொன்னதுதான் சார்."

அன்றிலிருந்து ஷெட்டுமேல் சிவப்புத் துணி ஏறினால் உப்பளத்தில் யாரும் எங்கள் இடியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

திருவிழாவுக்கு முந்தைய ஞாயிறு. கடைசி ஒத்திகை. மேடைக்குப் பின்திரை வேண்டும் என்று டெய்லர் பல நாளாக அரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி தன் அம்பாரத்தின் தார்ப்பாயையே தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அவருக்குத் தெரியுமா?" என்றார் டெய்லர்.

"தெரிஞ்சா குடுப்பாரா? ஒரு மணி நேரம் பாய். போன்ல பாருங்க, வெயிலுதான் காட்டுது."

எல்லார் போனும் வெயிலைத்தான் காட்டியது. தார்ப்பாயைக் கயிற்றால் உத்தரத்தில் இறுக்கிக் கட்டினோம். கரித்தூளும் பசையும் குழைத்து, துடைப்பத்தால் அதன்மேல் நான் ஒரு கருமேகம் இழுத்தேன். ஷெட்டே இருண்டுபோனது. இன்னும் இருளட்டும் என்று கதவையும் சாத்தினோம். துணி ஏற்றியாயிற்று. டெய்லர் ஒரு மூலையில் உட்கார்ந்து, கிழிந்த வேஷத்துக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

பெண்மணி நடுவில் வந்து நின்றார். நான் நீட்டி நீட்டி எழுதிய வரிகளை, மூச்சைப் பிடித்து, கையை விரித்து, கடலையும் காற்றையும் பேர் சொல்லித் திட்டுவதுபோல் சொல்லிக்கொண்டு போனார். பாதியில் இடி விழுந்தது.

"பாய்! நான் இன்னும் முடிக்கவேயில்ல!"

டெய்லரின் வாயில் நூல் இருந்தது. ஒரு கையில் ஊசி, ஒரு கையில் துணி. தகரம் அசையாமல் தொங்கியது.

"நான் தொடவேயில்ல தங்கச்சி."

மறுபடி இடித்தது. தொங்கிய தகரம் தானாக லேசாகச் சிலிர்த்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். கடல் பக்கம் வானம் வெள்ளையாக, ஒன்றும் அறியாததுபோல் இருந்தது. முதுகுப்புறம் திரும்பினால், பனைமரங்களுக்கு மேலே மேற்கு முழுக்கக் கருகிக்கொண்டு வந்தது. பாத்திகளில் ஒருவரும் ஓடவில்லை. ரோட்டோர டீக்கடையில் ஆண்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்து, கிளாஸை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைக்கு மேலே சிவப்புத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது.

"மழை! மழைங்க!" பெண்மணி கத்தினார். எதிர்க்காற்று குரலை அவர் முகத்திலேயே திருப்பி அறைந்தது. கேட்டிருந்தாலும் நாடகம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"துணியை எறக்குங்கடா!" என்று அலறிய டெய்லர் தானே சுவரைப் பிடித்துக் கூரையில் ஏறினார். நாங்கள் தார்ப்பாயிடம் ஓடினோம். உப்பேறிய கயிறு, முடிச்சு கல்லாக இருந்தது. நகம் உரிந்ததே தவிர அவிழவில்லை. கூரையிலிருந்து டெய்லரின் கத்திரி வந்து விழுந்தது. அறுத்தோம். என் கருமேகம் எங்கள் தலைமேல் சரிந்தது.

அதை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, துணி இறங்கியது. அவ்வளவுதான், டீக்கடை முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. கிளாஸ்கள் உருண்டன. உப்பளம் ஓடத் தொடங்கியது.

வரப்பு குறுகல். தார்ப்பாய் காற்றில் மாடுபோல் திமிறியது. வேஷம் கட்டியவர்கள் வேஷத்தோடு ஓடினார்கள். முதல் துளி என் கழுத்தில் விழுந்தபோது அம்பாரம் இன்னும் தூரத்தில் இருந்தது. மறுபக்கத்திலிருந்து புருஷனும் வந்து சேர்ந்தார். எங்கள் கையில் இருந்ததைப் பார்த்தார். அது எங்கேயிருந்து வருகிறது என்பதையும் பார்த்தார். ஒரு முனையைப் பிடித்தார். வீசிப் போர்த்தி, காற்று தூக்கிவிடாமல் விளிம்புகளில் நாங்களே உட்கார்ந்தோம்.

கொட்டியது. தார்ப்பாய் எட்டாத அடிப்பகுதியில் உப்பு கரைந்து என் கணுக்காலைச் சுற்றிப் போவது சில்லென்று தெரிந்தது. எனக்கு எதிரே பெண்மணி. அவருக்குப் பக்கத்தில் புருஷன். மழையின் இரைச்சலில் இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்த வேகத்தில் நின்றது. தார்ப்பாயைத் தூக்கினோம். மலை இருந்தது; அடியில் கொஞ்சம் போயிருந்தது. ஆனால் அவசரத்தில் மேகத்தைக் கீழ்ப்பக்கமாகப் போட்டிருந்தோம். உச்சியிலிருந்து கரி, கோடு கோடாக வெள்ளையில் இறங்கியிருந்தது.

புருஷன் பலகையை எடுத்து, கறுத்த உப்பைச் சுரண்டித் தள்ளத் தொடங்கினார். டெய்லர் தொண்டையைச் செருமினார். "செகப்புத் துணி... உங்க யோசனைதானே..."

"தெரியும் பாய். டீக்கடையில ஒக்காந்துக்கினு நான்தான் சொன்னேன், இன்னிக்கு இடி நல்லா வருது, பாய் தேறிட்டாருன்னு." யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. அவர் பலகையை ஊன்றி நின்றார். "அது என் தலையெழுத்து. இந்தத் தார்ப்பாய் எப்படி அங்க போச்சு?"

"நான்தான் எடுத்துக்கினு போனேன்" என்றார் பெண்மணி.

புருஷன் அவரை ரொம்ப நேரம் பார்த்தார். கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "லோடு ஏத்தற வரைக்கும் நீ அளத்தை விட்டு நகரக் கூடாது" என்று மட்டும் சொன்னார். லாரி திருவிழா முடிந்துதான் வரும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

பெண்மணி இன்னொரு பலகையை எடுத்து மறுபக்கம் சுரண்டினார். நாங்களும் குனிந்து, கைக்குக் கிடைத்ததைக்கொண்டு சுரண்டினோம். வெளிச்சம் மங்கும்வரை பலகை உப்பில் உரசும் சத்தம் மட்டும்.

டெய்லர் சைக்கிளை எடுத்தார். என் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வரப்பில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவர் தன் பாத்தி முடிகிற இடம் வரை வந்து, அதற்கு மேல் ஓர் அடி வைக்காமல் நின்றார்.

"சார், அந்த வேஷத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க. ஸ்பீக்கரு சத்தம் அளம் வரைக்கும் கேக்கும். என் வரி வர்றப்ப எல்லாரும் கொஞ்சம் பேசாம நில்லுங்க. நான் இங்கேருந்து சொல்லிக்கறேன்."