சேகரின் மதியத் தூக்கம்

மச்சான் வெளிநாட்டிலிருந்து ரகசியமாகக் கொண்டுவந்த வேப் என்ற மின்புகைக் கருவிக்கு மாறி, சிகரெட்டை விட்டேன். இருமல் குறைந்தது, கூடவே தூக்கமும் போனது. எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது.

காரைக்குடி மரக்கடையில் என்னோடு வேலை பார்க்கும் சேகரும் அதே மாதம்தான் சிகரெட்டை விட்டான். வேறு எதையும் தொடாமல் அடியோடு விட்டவன், மதியம் சாப்பிட்டதும் குறட்டை விடுவான். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவன் தலைமாட்டில் இரும்பு நாற்காலியை வேண்டுமென்றே தள்ளிவிட்டேன். பதறி எழுந்தவன் என் சிவந்த கண்களைப் பார்த்தான்.

"நேத்தும் தூங்காமயா வந்திருக்கீக? விட்ட புதுசுல நானும் அழுதுக்கிட்டுத்தாண்ணே கெடந்தேன். இங்குட்டுப் படுங்க, கடையை நான் பாத்துக்கிறேன்."

அவன் பாயில் படுத்தேன். வெட்கத்தில் தூங்குவதுபோல் நடித்தேன். நன்றாகத் தூங்குகிறவன், என்னைவிட நல்லவனாகவும் இருக்கிறானே என்று அப்போதும் பொறாமைதான் பட்டேன்.