ராமாத்தாள் எடுத்து வைத்த பிடியரிசி

பெம்பான் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ராமாத்தாள் டீச்சர் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். நல்ல டீச்சர், கண்டிப்பான டீச்சர் என்பார்கள். சரிதான். ஆனால் அந்த வேலை அவளுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காமல் போனது என்னால்தான். இதை நான் சுற்றி வளைத்துச் சொல்லப் போவதில்லை.

என் பெயர் நல்லமுத்து. மலாக்காவில் செலண்டாரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தேன். ஐம்பத்திரண்டாம் வருஷம், வெள்ளைக்கார அரசாங்கத்தின் அவசரகாலக் கெடுபிடி உச்சத்தில் இருந்த நேரம். சிதறிக் கிடந்த கூலிக்காரர் லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களை விடியலில் கேட்டில் நிறுத்தி மடியைத் தடவிப் பார்ப்பார்கள். ஒரு வாய்ச் சோறு வெளியே போகக் கூடாது. போனால் காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வேலிக்குள் ஒரே கடை, என் கடை. யார் எவ்வளவு அரிசி வாங்கினார்கள் என்று புத்தகத்தில் எழுத வேண்டும். டின் பால் விற்றால் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், யாரும் சேர்த்து வைக்க முடியாதபடி.

ராமாத்தாளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. புருஷன் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூத்தவள் சாந்தி, பதினொரு வயது, நாலாம் வகுப்பு. சின்னவள் சுசீலாவுக்கு இரண்டு வயது. ராமாத்தாள் தோட்டப் பள்ளியில் தற்காலிக டீச்சர். சம்பளம் என்று அதைச் சொல்ல வாய் கூசும். சனிக்கிழமைதோறும் மலாக்கா டவுனில் அவளுக்கு ஆசிரியர் பயிற்சி வகுப்பு. மூன்று வருஷம் படித்துக் கடைசிப் பரீட்சையில் தேறினால் நிரந்தர வேலை, முழுச் சம்பளம், குடியிருக்க ஒழுங்கான வீடு. மூன்றாவது வருஷம் அவளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நவம்பரில் பரீட்சை.

இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு படிக்கிறவள் வீட்டுச் செலவை எப்படிக் குறைத்தாள் என்பது கடைக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? முதலில் வெற்றிலை நின்றது. பிறகு காப்பித்தூள். நெத்திலி வாங்கியவள் கருவாட்டுத் தலை கேட்டாள். சோப்பை நூல் வைத்து மூன்றாக அறுத்து ஒரு துண்டை மூன்று வாரம் ஓட்டினாள். தீப்பெட்டி வாங்குவதே இல்லை, அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து சிரட்டையில் நெருப்பு எடுத்துப் போவாள். மண்ணெண்ணெய் அரை போத்தல் கால் போத்தலானது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சாந்தி கேள்வி கேட்க, இவள் படுத்தபடியே பதில் சொல்லிப் பாடம் பண்ணுவாளாம். பஸ் காசை மிச்சம் பிடிக்க, அப்புசாமி ஓட்டுகிற ரப்பர் பால் லாரியில் ஏறிச் செலண்டார் வரைக்கும் போவாள்.

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டேன்.

“என்னா டீச்சரம்மா, இன்னும் கொஞ்ச நாள்ல காத்தக் குடிச்சே பாஸ் பண்ணிருவீங்க போல?”

“அந்தக் காத்தையும் நிறுத்துப் போட்டு வெலை சொல்லுவீங்களேண்ணே” என்பாள். கடையில் நிற்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரிசி போடுகிற நாள். ஆகஸ்டு மாதம் என்று ஞாபகம். ரேஷன் கார்டை நீட்டியவள் மெதுவாகச் சொன்னாள்:

“அண்ணே, இந்த வாரத்துலேர்ந்து அரிசியக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க. எங்க மூணு பேருக்கு இம்புட்டு வேணாம். சின்னது என்னாத்தத் திங்குது? மிஞ்சுற காசு பரீட்சைக்கு ஆவும்.”

“அதெல்லாம் முடியாதுலா. கார்டுல இருக்கிறத எடு. ஒரு தடவ குறைச்சா அப்புறம் ஏத்த மாட்டானுங்க. நாளைக்குப் பசிக்குதுன்னு வந்து நின்னா நான் எங்க போவேன்?”

“மிஞ்சுறத என்னாண்ணே பண்றது?”

“பானையில போட்டு வையி. அரிசி என்ன அழுகியா போயிரும்? சேந்துச்சுன்னா பரீட்சை நேரத்துல ஒரு வாரம், ரெண்டு வாரம் வாங்காம இரு. காசு மொத்தமா கையில நிக்கும்.”

யோசித்துப் பார்த்துவிட்டு, “அதுவும் சரிதாண்ணே” என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் சொன்னதில் பாதி பொய். குறைத்து எழுத முடியும். அதற்குத் தோட்ட ஆபீசுக்குப் போய்க் கணக்கு எழுதுகிற கிராணியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். விற்காத அரிசி கடையில் கிடப்பதற்குப் புத்தகத்தில் காரணம் எழுத வேண்டும். அந்த அலைச்சல் எனக்குப் பிடிக்கவில்லை. விற்கிற அரிசி விற்காமல் கிடப்பதும் பிடிக்கவில்லை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

எங்கள் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிப் பானையில் போடுவார்கள். மாரியம்மன் திருவிழாக் கூழுக்கோ, வாசலில் வந்து கேட்கிறவர்களுக்கோ ஆகும் என்று. ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கம். லயத்தில் யாரும் அதைக் குற்றமாக நினைத்ததில்லை. ராமாத்தாளும் அப்படியே செய்தாள், ஒரு பிடிக்கு இரண்டு பிடியாக. பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, தான் கஞ்சித் தண்ணீரைக் குடித்த நாட்களும் உண்டு என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அக்டோபர் கடைசியில் புது உத்தரவு வந்தது. ஒரு வாரத்து அரிசிக்கு மேல் எந்த வீட்டிலும் இருக்கக் கூடாது. இருந்தால் போலீஸ் பிடிக்கும். தமிழில் அச்சடித்த நோட்டீசைக் கிராணி என்னிடம் கொடுத்து, “கடை வாசல்ல ஒட்டிரு நல்லமுத்து, எல்லாருக்கும் சொல்லிரு” என்றார். பசை காய்ந்து கிடந்தது. புதிதாகக் கிண்ட வேண்டும். நோட்டீசை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். அது அங்கேயே கிடந்தது.

ராமாத்தாளின் பானை எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பெரிய பொய். வந்தது. அவள் உப்பு வாங்க வந்தபோது சொல்லிவிட நினைத்தேன். கூட்டமாக இருந்தது. யாரோ எண்ணெய்ப் போத்தலை நீட்ட, அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு ராமாத்தாள் அரிசி வாங்கவில்லை. “இந்த வாரம் வேணாண்ணே. பானையில ரெண்டு வாரத்துக்கு இருக்கு” என்று சிரித்தாள். அரிசிக் காசைப் பரீட்சைக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் போலீஸ் வந்து லயத்தைச் சுற்றி நின்றது. வீடு வீடாகச் சோதனை. கொஞ்ச நேரத்தில் பானையும் ராமாத்தாளும் என் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். இடுப்பில் சுசீலா. சாந்தி அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் என் அரிசிப் புத்தகத்தைப் புரட்டினார். கூட வந்த தமிழ்ப் போலீஸ்காரர்தான் கேள்வி கேட்டார்.

“இந்தம்மா இந்த வாரம் அரிசி வாங்கலைன்னு எழுதியிருக்கே. வீட்டுல மட்டும் பானை நெறைய எப்படி இருக்கு? யாருக்குச் சேத்து வைக்குது?”

“பரீட்சைக்குங்க. செலவு குறையட்டும்னு பிடியரிசி எடுத்து வச்சேங்க” என்றாள் ராமாத்தாள்.

“அரிசிக்கும் பரீட்சைக்கும் என்னாம்மா சம்பந்தம்? ஏய் கடைக்காரரே, இது உமக்குத் தெரியுமா?”

ராமாத்தாள் என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் பயம்கூடக் கிடையாது. நான் இருக்கிறேன் என்ற தைரியம்.

“அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. நான் குறைச்சுத்தானே கேட்டேன்? நீங்கதானே பானையில போட்டு வைக்கச் சொன்னீங்க?”

ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அடுத்த கேள்வி நோட்டீஸ் எங்கே என்பது. அதற்கடுத்து என் லைசென்ஸ். வேலிக்குள் அரிசி பதுக்கச் சொன்ன கடைக்காரன் என்று என்னையும் ஜீப்பில் ஏற்றுவார்கள். நான் தராசுத் தட்டைப் பார்த்தேன்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

அவள் சுசீலாவை இறக்கிச் சாந்தி கையில் கொடுத்தாள். “பாப்பாவுக்குக் கஞ்சி வச்சுக் குடு. அம்மா வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள். அது போனபிறகு நான் இழுப்பறையைத் திறந்தேன். பசை கிண்டினேன். நோட்டீசை ஒட்டினேன்.

திங்கட்கிழமை அவளை விட்டுவிட்டார்கள். வழக்கு இல்லை. அதற்குள் சனிக்கிழமை பரீட்சை முடிந்துவிட்டது. போலீஸ் பிடித்தவள் என்று மேலிடத்துக்குச் சேதி போயிற்று. பேர் சுத்தமாகும்வரை வகுப்புக்கும் வர வேண்டாம், பள்ளிக்கும் வர வேண்டாம் என்று கடிதம் வந்தது. ராமாத்தாள் புல்வெட்டுக்குப் போனாள். ஒரு ஆள் கூலி பற்றவில்லை. தை மாதம் சாந்தியும் புத்தகத்தை வைத்துவிட்டு அம்மா பின்னால் புல்வெட்டுக்குப் போனாள். சுசீலா, கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில்.

இரண்டு பேரும் விடியலில் கடையைத் தாண்டித்தான் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் போவார்கள். நான் உள்ளே ஏதோ தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொள்வேன். அவள் வாங்குகிற சீனியில் ஒரு கை கூடப் போட்டுக் கட்டுவேன். ஒருநாள் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“நிறுவை கூடியிருக்குண்ணே. சரியா போட்டுக் குடுங்க.”

கடையில் வேறு யாரும் இல்லை. என்னால் தாங்க முடியவில்லை. “ராமாத்தா, அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். தப்பு என்னோடதுதான்” என்றேன். நோட்டீசை மறைத்து வைத்ததையும் சொன்னேன்.

அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

“இத ஏண்ணே என்கிட்ட சொல்றீங்க? நான் தப்புப் பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா? தெரிய வேண்டியவங்க டவுன்ல ஆபீசுல இருக்காங்க. அங்க போயிச் சொல்லுங்க.”

போகிறேன் என்றேன். அடுத்த வாரம் போகலாம், பெருநாள் முடியட்டும், லைசென்ஸ் புதுப்பித்த பிறகு போகலாம். இப்படியே தள்ளினேன். அவள் மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

ஐம்பத்துமூன்று செப்டம்பரில் மலாக்காவில் சில இடங்களைக் கம்யூனிஸ்டு பயம் நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்து அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். எங்கள் பக்கமும் கெடுபிடி தளர்ந்தது. இனிமேல் பழைய அரிசிக்காக யாரும் என் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தபிறகுதான் நான் பேனாவைத் தொட்டேன். மூன்று தாள் கிழித்தேன். நாலாவது தாளில், குறைத்துக் கேட்டவளுக்கு முழு அரிசி கொடுத்தது நான், பானையில் போடச் சொன்னது நான், நோட்டீஸ் ஒட்டாதது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிராணி அதை இங்கிலீஷில் டைப் அடித்து டவுன் ஆபீசுக்கு அனுப்பினார். என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை.

விசாரணை இழுத்துக்கொண்டே போயிற்று. ஐம்பத்துநாலு கடைசியில்தான் பரீட்சை எழுத விட்டார்கள். ராமாத்தாள் ஒரே தடவையில் தேறினாள். பெம்பான் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நல்லமுத்து அண்ணன் எழுதிய கடுதாசியால்தான் டீச்சருக்கு வேலை கிடைத்தது என்று தோட்டத்தில் ஒரு பேச்சு. நானும் மறுக்கவில்லை.

போன மாதம் ஒரு வேலையாகப் பெம்பானுக்குப் போனவன் அவள் வீட்டுக்கும் போனேன். ராமாத்தாள் பள்ளியில் இருந்தாள். சாந்திதான் இருந்தாள். இப்போது பதினேழு வயது. பால் கொட்டகையில் உறைந்த ரப்பர் பாலைச் சீட்டாக அழுத்துகிற மிஷினில் வேலை, அன்றைக்கு லீவு. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகலையாம்மா?” என்று கேட்டேன்.

“அம்மா கொண்டுபோயி உக்கார வச்சாங்க மாமா. எனக்கு அப்ப பதினாலு. பக்கத்துல எல்லாம் பொடிசுங்க. அக்கா பெஞ்சு ஒடஞ்சிரும்னு சிரிச்சுதுங்க. ரெண்டு வாரத்துல வந்துட்டேன்.” அவளும் சிரித்தாள். “அம்மாவப் போலீஸ் பிடிக்காம இருந்திருந்தா படிச்சிருப்பேன்.”

அவளுக்குத் தெரியாது. ராமாத்தாள் இத்தனை வருஷத்தில் மகளிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பேசாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

சாந்தி வாசல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

“அப்ப அந்தக் கடுதாசிய எத்தன மாசம் கழிச்சு எழுதுனீங்க மாமா?”

“பத்து மாசம்.”

“உடனே எழுதியிருந்தா நான் அஞ்சாவதுல உக்காந்திருப்பேன்” என்றாள். எழுந்துபோய் அடுப்பில் இருந்ததை இறக்கினாள். போங்கள் என்றும் சொல்லவில்லை, இருங்கள் என்றும் சொல்லவில்லை. மகளிடம் சொல்லிவிட்டதை அவளிடமும் சொல்ல, அவள் அம்மா பள்ளி விட்டு வரும்வரை நான் உட்கார்ந்தே இருந்தேன்.