குச்சியில் ஒடித்த அரைச் சாண்

இன்று அடுப்பில் கோசு வெந்ததும் நான் எழுந்து வாசலுக்குப் போனேன். "அப்பாவுக்கு ஏன் கோசு புடிக்காது?" என்று கேட்டீர்கள். பிடிக்கும், பிள்ளைகளே. அந்த வாசனைதான் என்னை உட்காரவிடுவதில்லை.

அதன் பின்னாலேயே குதிரைச் சாணத்தின் வாசனையும் வந்துவிடும். கல்யாணத்துக்கு முன் கோரமண்டல் தங்கச் சுரங்கத்தில் ஒரு துரை பங்களாவில் தோட்டவேலை பார்த்தேன். நாலெழுத்து படித்தவன் என்ற தலைக்கனம் வேறு. கூட வேலை செய்தவன் சின்னப்பன், என் வயசுக்காரன். சுரங்கத்தில் பக்கத்தில் பாறை சரிந்ததிலிருந்து ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் என்கிற கம்பிக் கூண்டில் ஏறப் பயந்து, மேலே வேலை கேட்டு வந்தவன். கோழிக்கூண்டைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் சிரிப்பேன்.

கோடையில் கோசு உருண்டை கட்டுவது கஷ்டம். சின்னப்பன் முழ நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டித் தந்தான். "இத்த அளவா வெச்சி நடு. மக்குன எரு ஒரு கை போதும். புதுச் சாணி சூடு, தொடாத."

துரைசானிக்குப் போக மிஞ்சுவது எங்களுக்கு. பூதிகோட்டையில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள், உங்கள் அம்மாவைத்தான். மூட்டைக் கோசோடு மாமனார் வீட்டுக்குப் போக ஆசை. ஞாயிறன்று சின்னப்பன் கோயிலுக்குப் போனதும், குச்சியில் அரைச் சாண் ஒடித்துவிட்டு நெருக்கி நட்டேன். லாயத்துப் புதுச் சாணத்தையும் கூடைகூடையாகப் புதைத்தேன்.

"இன்னாடா, நெருக்கமா கீது?"

"உன் குச்சிதான்பா."

வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது. "என் கண்ணுதான் சரியில்ல போல," என்றான்.

முதலில் செடிகள் கருகருவென்று வளர்ந்தன. நான் மீசையை முறுக்கினேன். பிறகு இலைதான் இலை. உருண்டை எலுமிச்சம்பழத்தைத் தாண்டவில்லை. ஓரத்தில், பக்கத்து நாற்றுகள் பட்டுப்போன இடத்தில் மட்டும் இரண்டு கோசு குடம்போல் நின்றன.

"யார் செய்த வேலை?" என்றார் துரை. சின்னப்பன் அந்த இரண்டையும் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் என் காலைப் பார்த்தேன்.

"என் அளவுதான், தொர."

மறுவாரம், தோட்டவேலை போய், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் ஷிப்டுக்கு நின்றிருந்தான். அவனிடம் ஓடினேன்.

"மாமனார் ஊட்டுக்குக் கோசு எத்தினு போனியா?"

"இல்லப்பா."

"எடம் வுட்டு நட்டிருந்தா போயிருப்ப."

கேஜ் கதவு விழுந்தது. உள்ளே, ஆட்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு, கண்ணை மூடிக் கம்பியைப் பிடித்திருந்தான்.

இப்போது அந்தத் தோட்டம் தங்கம் பிரித்த ஆலையின் கழிவு மணல்மேட்டுக்கு அடியில். சின்னப்பன் குடும்பத்தோடு எந்த ஊருக்குப் போனானோ, கேட்ட இடத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஒடித்த அரைச் சாண் துண்டை, அவன் கேஜில் இறங்கிய அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். துரை கேட்டபோது அது என் வேட்டி மடியில் இருந்தது.